மனந்திறக்க ஓர் அறை வேண்டும்!

ஒரு தொலைக்காட்சி நாடகத்தைப் பற்றி உலகின் பல மூலைகளிலும் மக்கள் ஆண்டுக்கணக்காக வாதாடி வருகிறார்கள். அந்த நாடகத்திலே ஆட்டமும் பாட்டும் கிடையா. சண்டையும் துரத்தலும் கிடையா. ஓர் அறை, அவ்வறையிலே உளச்சிகிச்சையாளர் ஒருவர், அவருக்கு எதிரே தம் துயரைச் சொல்ல வந்த ஒருவர். அரை மணி நேரம் இருவரும் பேசுகிறார்கள். அன்றைய நாடகம் முடிந்துவிடுகிறது. அடுத்த வாரம் அதே கிழமையில் அதே மனிதர் மீண்டும் வருகிறார். விட்ட இடத்திலிருந்து பேச்சுத் தொடர்கிறது.

‘இன் ட்ரீட்மென்ட்’ என்பது அந்நாடகத்தின் பெயர். ‘சிகிச்சையில்’ என்று தமிழிற் சொல்லலாம். இஸ்ரேல் நாட்டிலே ஹகாய் லெவி என்பார் 2005ஆம் ஆண்டில் எபிரேய மொழியில் ஆக்கிய ‘பெ திப்புல்’ என்னும் தொடரே இதற்கு மூலம். அமெரிக்காவின் எச்.பி.ஓ. நிறுவனம் அதனை ஆங்கிலத்திற் புதிதாக ஆக்கி 2008ஆம் ஆண்டு ஜனவரியில் ஒளிபரப்பத் தொடங்கிற்று. முதற் பருவத்தில் மட்டும் 43 பகுதிகள். திங்கள் முதல் புதன் வரை நாளுக்கு ஒரு நோயாளி. வியாழனன்று ஒரு தம்பதி. வெள்ளிக்கிழமையோ சிகிச்சையாளர் தாமே மற்றொருவரை நாடிச் சென்று தம் மனச்சுமையை இறக்கிவைக்கும் நாள். போல் வெஸ்டன் என்னும் அச்சிகிச்சையாளராகக் கேப்ரியல் பேர்ன் மூன்று பருவங்கள் நடித்தார். 2021இல் வேறொரு சிகிச்சையாளரை வைத்து நான்காம் பருவமும் வெளிவந்தது. ருமேனியா, இத்தாலி, ஆர்ஜென்டீனா, பிரேசில், பிரான்சு என்று பல நாடுகள் இக்கதையைத் தத்தம் மொழியிலே தமக்கேற்ப ஆக்கிக்கொண்டன.

நோர்வூட்டின் பெரட்டுக்களத்துக்கும் அந்த அமெரிக்க அறைக்கும் என்ன உறவு என்று வாசகர் வினவலாம். உறவு உண்டு. அந்நாடகத்தைப் பார்த்தோர் எதைப் பற்றி வாதாடுகிறார்களோ அது ஒருபுறம் இருக்கட்டும். எதனை வாதமே இன்றி ஏற்றுக்கொண்டுவிட்டார்களோ, அதுதான் எமது கவனத்துக்கு உரியது. மனம் நொந்தவன் சென்று பேச ஓர் அறை உண்டு என்பதை அவர்கள் எவரும் வியப்பாகக் கொள்ளவில்லை. அந்த அறையைத்தான் எம் மலையக மக்கள் இன்னும் கேட்டு வாங்கவேண்டியிருக்கிறது!

மூவகைக் கருத்துக்கள்

பார்த்தோரின் கருத்துக்களைத் தொகுத்து நோக்கினால் அவை மூன்று வகையுள் அடங்கும்.

முதல் வகையார், இருந்த இடத்தை விட்டு எழாமற் பேசிக்கொண்டிருப்பதும் ஒரு நாடகமா என்று சலித்துக்கொள்வோர். இவர்களுக்கு நெடிய விடை வேண்டியதில்லை. பாண்டியன் அவையிலே கண்ணகி நின்று பேசிய நேரம் எவ்வளவு? ஒரு வினாவும் ஒரு மறுமொழியும் ஓர் அரசனின் உயிரைக் கொண்டுபோகவில்லையா? பேச்சுக்குள்ளே நிகழும் போரைக் கண்டுகொள்ளும் பழக்கம் தமிழனுக்குப் புதிதன்று.

இரண்டாம் வகையார், சிகிச்சையாளரின் நடத்தையைத் தராசில் இட்டு நிறுப்போர். முதற் பருவத்திலே லோரா என்னும் பெண் வைத்தியர் நோயாளியாக வருகிறார். சிகிச்சையாளர்மீது தாம் காதல் கொண்டிருப்பதாகச் சொல்லிவிடுகிறார். சிகிச்சையாளரின் மனமும் தளும்புகிறது. அலெக்ஸ் என்னும் போர் விமானி வருகிறான். ஈராக்கிலே தான் வீசிய குண்டு ஒரு மதப் பள்ளியின்மீது விழுந்து சிறுவர்கள் மாண்டனர் என்ற பாரத்தைச் சுமந்து வருகிறான். அவன் மீண்டும் வானேறுகிறான், திரும்பி வரவில்லை. அவனுடைய தந்தை வந்து, என் மகனை நீ ஏன் தடுக்கவில்லை என்று கேட்கிறார். சிகிச்சையாளர் பிழை செய்தாரா, இல்லையா? பார்த்தோர் இரு பிரிவாகப் பிரிந்து நிற்கிறார்கள். அத்தொழிலைச் செய்வோரிலும் மெச்சினோர் உண்டு. இது எங்கள் தொழிலின் இலட்சணம் அன்று என்று முகஞ்சுளித்தோரும் உண்டு.

எமது கருத்து இது. வைத்தியனும் மனிதனே என்று அந்நாடகம் காட்டியது நன்று. ஆயினும், ஒருவர் தம் மனத்தின் பூட்டைத் திறந்து சாவியை இன்னொருவர் கையிலே கொடுத்துவிட்டால், அந்தச் சாவியைப் பெற்றவர் தம் இச்சைப்படி நடக்க உரிமை இழந்துவிடுகிறார். தளும்பிய மனத்தைக் கண்டு இரங்கலாம். வரம்பு மீறலை நியாயப்படுத்தல் ஆகாது.

மூன்றாம் வகையார் எழுப்பும் கேள்வியே எல்லாவற்றிலும் கனமானது. அது 2010ஆம் ஆண்டின் மூன்றாம் பருவத்தில் வரும் சுனில் என்னும் பாத்திரத்தைப் பற்றியது. மறைந்த நடிகர் இர்ஃபான் கான் ஏற்ற வேடம். எழுத்தாளர் ஜும்பா லாஹிரியின் ஆலோசனையோடு அமைந்த பகுதி.

கடல் கடந்த ஒரு தந்தை

சுனில் கல்கத்தாவில் கணிதம் கற்பித்தவர். மனைவியை இழந்த பின்னர், நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியிலே வாழும் மகன் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொள்கிறான். உணவுக்குக் குறைவில்லை, உடைக்குக் குறைவில்லை, பேரப்பிள்ளைகளும் உண்டு. ஆயினும் அவர் வாடுகிறார். மருமகள் அந்நாட்டுப் பெண். அவளுடைய சிரிப்பும் நடையும் பேச்சும் அவருக்கு ஒவ்வா. மகனும் மருமகளும் அவரைச் சிகிச்சையாளரிடம் அழைத்து வருகிறார்கள். அவர்கள் உடனிருக்கும் வரை நேரே வாய் திறவாத அவர், அவர்கள் அகன்று கதவு சாத்தப்பட்ட பின்னரே பேசத் தொடங்குகிறார்.

வாரங்கள் செல்கின்றன. மருமகளைப் பற்றி அவர் சொல்லும் சொற்களைக் கேட்ட சிகிச்சையாளருக்கு அச்சம் பிறக்கிறது. இவர் அவளுக்குத் தீங்கிழைத்துவிடுவாரோ? நோயாளியின் இரகசியத்தைக் காப்பதா? ஓர் உயிரைக் காப்பதா? அவர் எச்சரிக்கை செய்கிறார். விளைவாகச் சுனில் காவலில் வைக்கப்படுகிறார், நாடு கடத்தப்படுகிறார். அப்போதுதான் உண்மை வெளிப்படுகிறது. ஊர் திரும்ப அவர் கண்ட வழி அதுவே! மகனிடம் கேட்க நாவெழாத ஒன்றை, அரசாங்கத்தின் கையாலேயே செய்வித்துக்கொண்டார்.

இவர் சிகிச்சையாளரை ஏமாற்றினாரா? சிகிச்சையாளர் இரகசியத்தை உடைத்தது சரியா? சட்டத்தின் வாயிலாக நோக்கினால் விடை உண்டு. 1976ஆம் ஆண்டில் ‘தராசோவ்’ வழக்கிலே கலிபோர்னியா மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் ஒரு நெறியை வகுத்தது. நோயாளியால் பிறர் ஒருவருக்கு ஆபத்து விளையும் என்று காணும் சிகிச்சையாளர், அந்த மற்றவரைக் காக்கத் தக்க நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்பது அந்நெறி. இரகசியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை இன்னொருவரின் உயிர். இதனை நாமும் ஏற்கிறோம்.

ஆனால் அந்தக் கதையிலே எம்மைத் தைத்தது சட்டப் பிரச்சினையன்று. ‘ஊருக்குப் போக வேண்டும்’ என்ற ஒரு வாக்கியத்தைத் தம் சொந்த மகனிடம் சொல்ல முடியாத ஒரு தகப்பனின் நிலை எம்மைத் தைத்தது. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர், போவோரும் இருப்போருமாக ஒரு குடும்பமே இரண்டாகப் பிளந்து தலைமன்னாரிலே கண்ணீரோடு பிரிந்த வரலாறு எம்முடையது. கப்பலேறியவரின் மனத்தில் இருந்தது என்ன? கரையில் நின்றவரின் மனத்தில் இருந்தது என்ன? கேட்டவர் யார்? பிரசாவுரிமை எண்ணிக்கைகள் பதிவேட்டில் இருக்கின்றன. அந்தத் துயரம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

வெள்ளித்திரையின் வைத்தியர்

உளமருத்துவர் என்றால் எம் மக்களுக்கு நினைவு வருவது சினிமா. 1993இல் மலையாளத்தில் வந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ 2005இல் தமிழிலே ‘சந்திரமுகி’ ஆயிற்று. அதே ஆண்டில் ‘அந்நியன்’ வந்தது. இவை மக்கள் திரண்டு பார்த்த படங்கள். பேய் என்று எண்ணியதை நோய் என்று சொன்ன அளவிலே இவை செய்த நன்மையை மறுப்பதற்கில்லை. எனினும் சந்திரமுகியின் வைத்தியர் மந்திரவாதியின் ஆசனத்திலேயே அமர்ந்தார். ஒரே இரவிற் சடங்கு முடிந்தது, நோய் ஓடிற்று, பாட்டு முழங்கிற்று.

‘இன் ட்ரீட்மென்ட்’ அவ்வாறு கதை சொல்லவில்லை. அங்கே நோயாளி வருகிறார், மறுக்கிறார், கோபித்துக்கொண்டு போகிறார், மீண்டும் வருகிறார். ஒரு வாரம் முன்னேறினால் அடுத்த வாரம் சறுக்குகிறார். தேயிலை மலையிலே வாழ்வோருக்கு இதை விளக்க வேண்டுமா? கவ்வாத்து வெட்டிய மலையைப் பாருங்கள். வெறுங்கட்டையாக நிற்கிறது. புதிதாகப் பார்ப்பவன் செடி செத்தது என்பான். மாதக்கணக்கிற் பொறுத்திருந்தால் அன்றோ தளிர் காணும்? மண்ணோடு பழகிய உழவனுக்குத் தெரிந்த இந்தப் பொறுமைதான் மனத்துக்கு மருந்திடுவோனுக்கும் வேண்டியது.

லயத்தில் கதவு எது?

அந்த அமெரிக்க அறையிலே நோயைத் தணிப்பவை மூன்று. சாத்திய கதவு ஒன்று. நோயாளி பேசும் மொழி மற்றொன்று. தவறாமல் திரும்பி வரும் வேளை மூன்றாவது. இம்மூன்றையும் எம் மக்களின் வாழ்வோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலாவது, கதவு. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று அளந்து கட்டிய லயக் காம்பிராவிலே, ஒரு வீட்டின் இருமல் அடுத்த வீட்டிற் கேட்கும். கணவன் மனைவி பேச்சுக் கேட்கும். பிள்ளையின் விம்மல் கேட்கும். ‘எனக்கு வாழ்வு கசக்கிறது’ என்று ஒருத்தி காலையில் முணுமுணுத்தாற் கொழுந்து நிறுக்கும் வேளைக்கு அது மலை முழுவதும் பரவிவிடும். ‘பைத்தியம்’ என்ற ஒரு சொல் விழுந்துவிட்டால் அவளுக்கு மட்டுமா கேடு? தங்கைக்கு வரன் தட்டும். பிள்ளைக்குப் பள்ளியிற் பட்டப்பெயர் கிடைக்கும். ஆகவே அவள் வாய் திறவாள். உள்ளம் சொல்லாததை உடல் சொல்லும். தலை சுற்றுகிறது, நெஞ்சடைக்கிறது, கைகால் உளைகிறது என்று தோட்ட மருந்தகத்துக்கு வருவாள். இரண்டு பனடோல் கொடுத்து அனுப்புவார்கள். அந்தப் பனடோல் அவள் துயரின் எந்த நரம்பைத் தொடும்? அதுவன்றியும், தோட்ட நிருவாகத்திடம் சம்பளம் பெறும் ஒருவரிடம், நிருவாகத்தினால் விளைந்த மனவேதனையை ஒரு தொழிலாளி எந்த நம்பிக்கையோடு சொல்வாள்?

இரண்டாவது, மொழி. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தத்தினால் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியாயிற்று. ஏட்டில் ஆயிற்று, வைத்தியசாலைக் கட்டிலருகே ஆயிற்றா? முறிந்த காலுக்குக் கட்டுப்போட மொழிபெயர்ப்பாளர் ஒருவர் போதும். துயருக்கு மொழியே மருந்து. சிற்றூழியர் ஒருவரை நடுவில் நிறுத்தி, ‘இவள் ஏதோ கவலை என்கிறாள்’ என்று ஒரு வரியிற் பெயர்த்துச் சொன்னால் அந்த ஒரு வரியிலே ஒரு வாழ்வு அடங்குமா? மகன் பக்கத்தில் இருந்தமைக்கே சுனில் நேரே வாய் திறக்கவில்லை என்பதை நினைவு கொள்க.

மூன்றாவது, வேளை. நோர்வூட்டிலிருந்து வைத்தியசாலைக் கிளினிக்குக்குச் சென்று வரிசையில் நின்று திரும்பினால் ஒரு நாள் பேர் போய்விடும். அடுத்த மாதமும் வா என்றால் அடுத்த மாதமும் ஒரு பேர் போகும். அடுப்பெரிய வேண்டியவள் எத்தனை முறை போவாள்?

மலையகத்தின் ஐந்து நாட்கள்

ஒவ்வொரு நாடும் இந்நாடகத்தைத் தன் மொழியில் ஆக்கியபோது தன் காயத்தை அந்த நாற்காலியில் அமர்த்திற்று. 2021இல் வந்த பிரெஞ்சுத் தொடரைப் பாருங்கள். 2015 நவம்பரிலே பாரிஸ் நகரில் நடந்த படுகொலைகளின் பின்னணியில் அது தொடங்குகிறது. அந்த இரவின் கொடுமையை நேரிற் கண்ட ஒரு காவற்படையாளும், காயமுற்றோரைக் காத்த ஓர் அறுவை வைத்தியரும் அங்கே வந்து பேசுகிறார்கள்.

நோர்வூட்டிலே அப்படி ஒரு நாற்காலி இடப்பட்டால் யார் யார் வருவார்கள்? சிறிது எண்ணிப் பார்ப்போம்.

திங்கட்கிழமை ஒரு தாய் வருவாள். ஆயுள் முழுவதும் கொழுந்து பறித்த கைகள். மண்சரிவு அபாயம் என்று எச்சரிக்கப்பட்ட லயத்திலே மழை பெய்யும் இரவெல்லாம் உறங்காமல் இருப்பவள். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை விழுங்கியதைக் கேள்வியுற்ற நாள் முதல் மழைச் சத்தம் அவளுக்கு மரணச் சத்தம்.

செவ்வாயன்று ஓர் இளைஞன் வருவான். கொழும்பிலே கடைச் சிப்பந்தியாக இருந்து திரும்பியவன். தோட்ட வேலைக்கு மனமில்லை. நகரம் அவனை ஏற்கவில்லை. நண்பர்களிடம் சிரிப்பான், இரவில் விழித்திருப்பான்.

புதன்கிழமை ஒரு மாணவி. தாய் மத்திய கிழக்கிலே வேறொருவர் வீட்டுப் பிள்ளையைத் தாலாட்டுகிறாள். தாய் அனுப்பும் பணத்திலே புத்தகமும் சப்பாத்தும் வருகின்றன. தன் உடலிலும் மனத்திலும் நிகழும் மாற்றங்களை யாரிடம் சொல்வது என்று அந்தப் பெண்பிள்ளைக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை ஒரு தம்பதி. சம்பள நாளும் கசிப்பும் அவர்களுக்கு நடுவே மூன்றாம் ஆளாய் அமர்ந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை? தோட்டத் தலைவர் வருவார்; அல்லது ஓர் ஆசிரியர் வருவார். ஊரார் வழக்கெல்லாம் கேட்டு, எல்லார் சுமையையும் ஏற்றுத் தம் சுமையை இறக்க இடமில்லாதவர். இதை வாசிக்கும் உத்தியோகத்தர் பலர் அந்த வெள்ளிக்கிழமை நாற்காலியிலே தம்மையே காணக்கூடும். படித்தவனுக்கு மனம் நோகாது என்பது மூடநம்பிக்கைகளுள் ஒன்று.

இரு தடைகள்

இவ்வாறு நாம் எழுதும்போது இரு திசையிலிருந்து எதிர்ப்பு எழும்.

வயிற்றுக்கே வழியைக் காணோம், மனத்துக்கு வைத்தியமா என்பார் ஒருவர். உரிய கூலியும் சொந்தக் காணியும் வீடும் கிடைத்தால் மனத்துயர் தானே தீரும் என்பது அவர் வாதம். இந்த வாதத்தின் பாதியை நாம் முழுமனதோடு ஏற்கிறோம். பசியை மனநோய் என்று பெயரிட்டு மருந்து கொடுக்கும் சூழ்ச்சிக்கு நாம் என்றும் துணைபோகோம். கூலி கேட்டவனுக்கு ஆறுதல் மொழியைக் கொடுத்து அனுப்புவது வைத்தியமன்று, வஞ்சனை. அடக்குமுறையைக் கண்டு கொதிப்பவன் நோயாளியும் அல்லன்.

ஆனால் மறுபாதியை ஏற்க முடியாது. புரூக்ளினிலே சுனிலுக்கு வீடு இருந்தது, உணவு இருந்தது, பேச ஒருவரில்லை. கூலிப் போராட்டம் வெல்லும் வரை மனம் நொந்தவள் காத்திருப்பாளா? கூலியும் காணியும் உரிமை, செவிமடுக்கப்படுவதும் உரிமை. ஓர் உரிமையைக் காட்டி இன்னோர் உரிமையைத் தள்ளிவைப்பது எம்மை ஆண்டோரின் வழக்கம். அதனை நாமும் கைக்கொள்ளலாமா?

மாரியம்மன் இருக்கிறாள், கோடாங்கி இருக்கிறார், மாதா கோயிலிற் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது என்பார் இன்னொருவர். இவற்றை எள்ளி நகையாட நாம் முன்வரவில்லை. வேறு செவி கிடையாத ஒரு நூற்றாண்டிலே, எம் மூதாட்டியரின் அழுகையைக் கேட்டவை இவைதாம். சாமி வந்து ஆடும் பெண் அந்த ஒரு வேளையிலாவது தன் மாமியாரை நிமிர்ந்து பார்த்துப் பேசினாள்! ஆனால் குறி சொல்லும் இடம் கூட்டம் கூடும் இடம்; இரகசியத்துக்கு அங்கே காப்பில்லை. சில நோய்கள் தெய்வத்தின் கோபத்தால் வந்தவை அல்ல; அவற்றுக்கு மருந்து வேண்டும், தாமதம் உயிரைக் குடிக்கும். அம்மனைக் கும்பிட்டுவிட்டு வைத்தியரிடம் போவதை அம்மன் தடுக்கவா போகிறாள்?

அரசு நினைத்தால் முடியும்

இது அரசியற் பத்திரிகைக்கு உரிய பொருளா என்று ஐயுறுவோர் இலங்கையின் அண்மை வரலாற்றை நோக்குக. 1995ஆம் ஆண்டளவில் இந்நாட்டில் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. நாட்டுப்புறங்களில் விவசாய நஞ்சு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது அதற்குப் பெருங்காரணம். 1995 முதல் மிகக் கொடிய நஞ்சுகளின் இறக்குமதியை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. பத்தாண்டுகளுக்குள் அந்த விகிதம் ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்தது. விளைச்சல் அதனாற் குன்றவில்லை என்பதும் ஆராயப்பட்டது. இதனை உழவர் பெருமக்கள் மனங்கொள்ள வேண்டும். உயிரை மாய்க்க முயன்று தப்பியவரைக் குற்றவாளியாக்கிய சட்டமும் 1998இல் நீக்கப்பட்டது.

ஒரு விநாடித் துயரத்துக்கும் மரணத்துக்கும் இடையிலே சிறிது தூரத்தை வைத்தால் பல்லாயிரம் உயிர் பிழைக்கும் என்பதை இது மெய்ப்பித்தது. நஞ்சைத் தூரமாக்கினோம், நன்று. துயரைச் சொல்லும் இடத்தைக் கிட்டவாக்கினோமா? அந்த இரண்டாம் பணி இன்னும் நிறைவேறவில்லை. 1873ஆம் ஆண்டின் சட்டம் மனநோயாளியை அடைத்து வைக்கும் ஆளாகவே கண்டது. 1926இல் அங்கொடையிலே எழுந்த பெரிய வைத்தியசாலையின் பெயர் வசைச் சொல்லாகவே மக்கள் நாவில் வழங்கிற்று. சுனாமிக்குப் பின்னர் 2005இல் வந்த மனநலக் கொள்கைதான், மாவட்டந்தோறும் மக்களுக்கு அருகிலேயே சிகிச்சை அமைய வேண்டும் என்று சொன்னது. அந்த ‘அருகு’ என்பது கொழுந்து மலை வரை நீள வேண்டும் என்பதே எமது வழக்கு.

எமது கோரிக்கைகள்

டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக்கு இந்திய உதவியோடு எழுந்த புதிய கட்டடத்தை 2017 மே மாதத்திலே பாரதப் பிரதமர் திறந்து வைத்தார். அன்று நோர்வூட் மைதானத்திலே மக்கள் வெள்ளம் திரண்டது. கட்டடம் வேண்டியதுதான். அக்கட்டடத்துக்குள்ளே செவியும் வேண்டும். ஆகவே நாம் கேட்பவை இவை.

ஒன்று: டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை வைத்தியசாலைகளில் உளவளத்துணைக்கெனக் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை ஒதுக்கப்பட வேண்டும். அவ்வறையில் அமர்பவர் தமிழிலே கேட்டுத் தமிழிலே பேசுபவராக இருக்க வேண்டும். இன்று அத்தகையோர் மலையகத்தில் எத்தனை பேர் கடமையில் உள்ளனர்? எண்ணிக்கையைச் சுகாதார அமைச்சு பகிரங்கப்படுத்தட்டும்.

இரண்டு: அவர் அரச ஊழியராக இருக்க வேண்டும், தோட்டக் கம்பனியின் ஊதியம் பெறுபவராக இருத்தல் ஆகாது. கேட்டதைக் காக்கும் கடமை சட்டத்தால் உறுதிப்பட வேண்டும்.

மூன்று: நோர்வூட் நகரில் வாரந்தோறும் குறித்த ஒரு நாளிலே, மாலை வேளையில் ஒரு கிளினிக் நடைபெற வேண்டும். பகலிற் செல்ல வேண்டியவருக்குப் பேர் வெட்டப்படலாகாது. அரைப்பேர் என்றும் குறைக்கப்படலாகாது. தொழிற்சங்கங்கள் கூட்டு ஒப்பந்தப் பேச்சிலே இதனையும் ஒரு கோரிக்கையாக முன்வைக்க வேண்டும்.

நான்கு: பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிற் பயிலும் எம் இளைஞர்களுக்கு உளவளத்துணைப் பயிற்சி முறையாக அளிக்கப்பட வேண்டும். முதலில் அந்தப் புதன்கிழமை மாணவி வந்து நிற்கப்போவது ஆசிரியரின் மேசையருகேதான்.

இவை வரும் வரை கைகட்டியிருக்க வேண்டுவதில்லை. மனம் தாங்காத வேளையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம் என்பதைப் பெரட்டுக்களத்திலும் பிள்ளைமடுவத்திலும் பள்ளிச் சுவரிலும் எழுதி வைக்க எந்த அமைச்சரின் அனுமதியும் தேவையில்லை. பிரதேச சபை உறுப்பினர்கள் நாளையே செய்யலாம்.

ஒரு நாடகத்திற் தொடங்கினோம். எம் தமிழ்த் தொலைக்காட்சி நிலையங்களுக்கும் ஒரு சொல். இந்தியாவிலிருந்து வரும் தொடர்களில் மாமியாரும் மருமகளும் ஓயாது சதி செய்வதைத்தான் எம் வீடுகள் ஒவ்வோர் இரவும் காண்கின்றன. ஓர் அறை, இரண்டு நாற்காலிகள், நல்ல எழுத்தாளர் ஒருவர், நடிக்கத் தெரிந்த இருவர். மலையகத்தின் திங்கள் முதல் வெள்ளி வரையிலான கதையை எடுக்க இதற்கு மேற் பெருஞ்செலவில்லை. வானொலி நாடகத்திலே புகழ் நாட்டிய இந்த நாட்டுத் தமிழ்க் கலைஞருக்கு, பேச்சாலேயே நாடகம் நடத்துவது புதிய வித்தையும் அன்று. அந்நாடகத்தைப் பார்க்கும் ஒரு தாய், இது நம் கதையல்லவா, நாமும் போய்ப் பேசலாம் போலிருக்கிறதே என்று எண்ணினால், அதுவே ஆயிரம் துண்டுப் பிரசுரங்களுக்குச் சமம்.

இருநூறு ஆண்டுகளாக எம் மக்கள் பெரட்டுக்களத்திலே பேர் சொல்லி அழைக்கப்பட்டிருக்கிறார்கள், அவர்கள் பறித்த கொழுந்து நிறுக்கப்பட்டிருக்கிறது, வாக்குகள் எண்ணப்பட்டிருக்கின்றன. அவர்கள் மனத்தில் இருப்பது என்ன என்று, கதவைச் சாத்திவிட்டு, அவர்கள் மொழியிலே, அவசரமின்றிக் கேட்டவர் இல்லை. இனியாவது கேட்கட்டும். கேட்பதற்கு ஓர் அறை எழட்டும்!